இழுபறித் தேர்தலில் எந்தத் தலையங்கத்தைக் கேட்பது? பிரிட்டன் காட்டும் நான்கு வழிகள்

பிரிட்டனில் முறையான விசாவில் தங்கியிருக்கும் இந்திய, இலங்கைக் குடிமக்களுக்கும் அங்கே பொதுத் தேர்தலில் வாக்கு உண்டு. காமன்வெல்த் நாட்டவர் என்பதால் கிடைக்கும் உரிமை அது. படிப்புக்கும் வேலைக்கும் போனவர்கள் முதல் தேர்தலில் குழம்பிப்போவது பெரும்பாலும் கடைசி வாரத்தில்தான். பெரும்பாலான பத்திரிகைகள் இந்தக் கட்சிக்கு வாக்களியுங்கள் என்று பெயர் சொல்லியே தலையங்கம் எழுதும். தொலைக்காட்சிக்கும் வானொலிக்கும் நடுநிலை சட்டப்படி கட்டாயம்; அச்சுப் பத்திரிகைக்கு அப்படி ஒன்றும் இல்லை.

ஒரு கட்சி அமோகமாக ஜெயிக்கப்போகிற தேர்தலில் இந்தத் தலையங்கங்களைப் படித்துவிட்டு மடித்து வைத்துவிடலாம். யாருக்கும் பெரும்பான்மை வராது என்ற நிலையில்தான் அவை ஒன்றுக்கொன்று முரணான யோசனைகளைத் தருகின்றன. 2010, 2015, 2017 ஆகிய மூன்று தேர்தல்களிலும் அந்த நிலை இருந்தது, அல்லது இருப்பதாக எல்லோரும் நம்பினார்கள்.

தமிழ்நாட்டுத் தேர்தல் பார்த்துப் பழகியவர்கள் ஒன்றை முதலில் மாற்றிக்கொள்ள வேண்டும். இங்கே கூட்டணி தேர்தலுக்கு முன்பே முடிவாகும். தொகுதிப் பங்கீடு நடக்கும். தோழமைக் கட்சி நிற்கும் இடத்தில் தலைமைக் கட்சி நிற்காது. பிரிட்டனில் பிறகு கூட்டணி சேரப்போகிறவர்களே தொகுதிதோறும் ஒருவரையொருவர் எதிர்த்து நிற்பார்கள். பேச்சுவார்த்தை வாக்கு எண்ணிய மறுநாள்தான் தொடங்கும். ஆகவே கூட்டணிக்கு வாக்களிக்க வாக்குச்சீட்டில் இடமே கிடையாது.

## எதை வைத்து எடைபோடுவது

ஒரு தலையங்கத்தின் யோசனையை நான்கு கேள்விகளால் சோதிக்கலாம்.

முதலாவது, அது உங்கள் தொகுதியில் செல்லுபடியாகுமா? பத்திரிகை நாடு முழுவதற்கும் பேசுகிறது. உங்கள் வாக்கு 650 தொகுதிகளில் ஒன்றில் மட்டும் எண்ணப்படும்.

இரண்டாவது, அது இடக்கணக்கை நகர்த்துமா? 650இல் பாதிக்கு மேல் என்றால் 326. வட அயர்லாந்தின் சின் ஃபெயின் கட்சி ஜெயித்தாலும் நாடாளுமன்றத்தில் உட்காருவதில்லை என்பதால் நடைமுறையில் அந்த எண் குறையும். 2010இல் அவர்களுக்கு 5 இடங்கள். 645இல் பாதிக்கு மேல், அதாவது 323, போதுமானதாக இருந்தது.

மூன்றாவது, வாக்கு விழுந்தபின் பேரத்தில் அதற்கு என்ன ஆகும்? நான்காவது, அந்தப் பத்திரிகையின் நிலைப்பாட்டை முடிவு செய்வது யார்? ‘சன்’ இதழ் எந்தக் கட்சியை ஆதரிப்பது என்பதில் தனக்குப் பங்குண்டு என்று அதன் முதலாளி ரூபர்ட் மர்டாக் நாடாளுமன்ற மேலவையான பிரபுக்கள் சபையின் குழுவிடமே ஒப்புக்கொண்டிருக்கிறார். ‘கார்டியன்’ ஸ்காட் அறக்கட்டளையின் உடைமை. அங்கே முடிவு ஆசிரியர் கையில். இதை அறிந்துகொள்வதால் தலையங்கம் பொய்யாகிவிடாது. யாருடைய குரல் என்பது தெரியும், அவ்வளவுதான்.

## 2010இன் கணக்கு

பின்னால் வரும் எல்லாவற்றுக்கும் இந்த எண்கள் தேவைப்படும். மே 6, 2010 தேர்தலில் கன்சர்வேட்டிவ் 306, லேபர் 258, லிபரல் டெமாக்ரட் 57. வாக்கு விகிதம் முறையே 36.1, 29.0, 23.0 சதவீதம்.

கன்சர்வேட்டிவும் லிபரல் டெமாக்ரட்டும் சேர்ந்தால் 363. நிம்மதியான பெரும்பான்மை. லேபரும் லிபரல் டெமாக்ரட்டும் சேர்ந்தால் 315தான். வட அயர்லாந்தின் எஸ்டிஎல்பி 3, அலையன்ஸ் 1, வேல்ஸின் ப்ளைட் கம்ரி 3, கிரீன் கட்சியின் ஒரே உறுப்பினர் என்று எல்லோரையும் வளைத்துப் பிடித்தால் சரியாக 323 வரும். ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் அரசு தோற்கும். ஸ்காட்லாந்தின் எஸ்என்பி 6 பேரையும் சேர்த்தால் 329. ஆனால் ஒவ்வொரு பட்ஜெட்டுக்கும் அவர்களுக்கு விலை கொடுத்தாக வேண்டும்.

அதாவது, மூன்றாம் கட்சியான லிபரல் டெமாக்ரட்டுக்கு இரண்டு கதவுகள் திறந்திருப்பதாகப் பிரச்சாரம் முழுவதும் பேசப்பட்டது. எண்ணி முடித்தபோது ஒன்றுதான் ஆள் நுழையும் அகலத்தில் இருந்தது.

## வழி 1: ஒரு கட்சிக்கே தெளிவான பெரும்பான்மை கேட்பது

2010இல் ‘சன்’, ‘டைம்ஸ்’, ‘டெய்லி மெயில்’, ‘டெய்லி டெலிகிராப்’, ‘பைனான்சியல் டைம்ஸ்’, ‘எக்கனாமிஸ்ட்’ எல்லாம் கன்சர்வேட்டிவ் பக்கம் நின்றன. ‘சன்’ முந்தைய செப்டம்பரிலேயே, கட்சி மாநாட்டில் லேபர் பிரதமர் கார்டன் பிரவுன் பேசிய மறுநாளே, லேபரைக் கைவிட்டது. அப்போது அதன் விற்பனை சுமார் 30 லட்சம் பிரதிகள். ‘டெய்லி மிரர்’ மட்டும் வழக்கம்போல லேபர்.

இவ்வளவு அச்சு பலம் இருந்தும் கன்சர்வேட்டிவ் 326ஐத் தொட 20 இடங்கள் குறைந்தன. 1992இல் தேர்தலை வென்று கொடுத்ததே நாங்கள்தான் என்று முதல் பக்கத்தில் மார்தட்டிய ‘சன்’னுக்கு 2017இலும் இதே கதி: கன்சர்வேட்டிவ் பிரதமர் தெரேசா மேயை ஆதரித்தது, இருந்த பெரும்பான்மையே போயிற்று.

முதல் இரண்டு இடங்களில் இருக்கும் கட்சிகள் நேருக்கு நேர் மோதும் தொகுதியில் நீங்கள் இருந்து, அந்தக் கட்சியின் திட்டமும் பிடித்திருந்தால், இந்த வழியில் யோசிக்க ஒன்றுமில்லை. வாக்கு எங்கே போகிறதென்று தெரியும். மறைந்திருக்கும் செலவு வேறு: பெரும்பான்மை கிடைக்காவிட்டால் யாருடன் சேரலாம், எதை விட்டுக்கொடுக்கலாம் என்று இந்தத் தலையங்கங்கள் பேசவே பேசாது. பேசினால் தோல்வியை முன்கூட்டியே ஒப்புக்கொண்டதாகிவிடும்.

## வழி 2: மூன்றாம் கட்சிக்குக் கைகொடுப்பது

இதுதான் 2010இன் பெரிய பரிசோதனை. ஏப்ரல் 15 அன்று நடந்த முதல் தொலைக்காட்சி விவாதத்தில் லிபரல் டெமாக்ரட் தலைவர் நிக் கிளெக் மற்ற இருவரையும் மிஞ்சினார். கருத்துக்கணிப்புகளில் கட்சி சில நாட்கள் லேபரையே தாண்டியது. தேர்தலுக்கு ஒரு வாரம் இருக்கும்போது, லேபருக்கு நெருக்கமானதாகவே அறியப்பட்ட ‘கார்டியன்’ லிபரல் டெமாக்ரட்டை ஆதரித்துத் தலையங்கம் எழுதியது. முதன்மைக் காரணம் தேர்தல் முறைச் சீர்திருத்தம்.

அந்தக் காரணம் நியாயமானதுதான் என்பதற்கு முடிவே சாட்சி. 2005இல் 22 சதவீதத்துக்கு 62 இடங்கள் பெற்ற கட்சி, 2010இல் 23 சதவீதத்துக்கு 57 இடங்கள் பெற்றது. வாக்கு கூடியது, இடம் குறைந்தது. 68 லட்சம் வாக்குகள் நாடெங்கும் பரவிக் கிடந்தால், ஒரு வாக்கு கூடுதலாக வாங்கியவரே வெற்றி என்ற முறையில் இரண்டாம், மூன்றாம் இடங்கள்தான் குவியும். முறையை மாற்றச் சொல்லும் வாக்குகளை எண்ணியதும் அதே பழைய முறைதான்.

‘கார்டியன்’ வாசகர்களே முழுதாகக் கேட்கவில்லை. இப்சாஸ் மோரி நிறுவனத்தின் கணக்கெடுப்பில் அவர்களில் லேபருக்கு வாக்களித்தவர்களே அதிகம்.

பெரிய செலவு மே 11க்குப் பிறகு தெரிந்தது. கன்சர்வேட்டிவ் தலைவர் டேவிட் கேமரன் பிரதமர், கிளெக் துணைப் பிரதமர். இடதுசாரிச் சாய்வுள்ள ஒரு பத்திரிகையைப் படித்து வாக்களித்தவர்கள் கன்சர்வேட்டிவ் அரசைத் தாங்கும் 57 பேரை அனுப்பியிருந்தார்கள். துரோகம் என்று பலர் கொதித்தார்கள். ஆனால் அறிகுறிகள் முன்பே இருந்தன. தலையங்கத்தில் தேடியவர்களுக்குத்தான் கிடைக்கவில்லை.

ஒன்று, மக்களிடம் வலுவான ஆணை பெற்ற கட்சிக்கே ஆட்சி அமைக்க முதல் வாய்ப்பு என்று கிளெக் பிரச்சாரத்திலேயே சொல்லிவந்தார். இரண்டு, தேர்தல் அறிக்கையின் முகப்பில் நான்கு முன்னுரிமைகள் இருந்தன: வரி, பள்ளி, பொருளாதாரம், அரசியல் சீர்திருத்தம். கூட்டணி ஒப்பந்தத்தில் நான்கும் ஏதோ ஒரு வடிவில் வந்தன. 10,000 பவுண்டு வரையிலான வருமானத்துக்கு வரியில்லை என்ற வாக்குறுதி சில ஆண்டுகளில் நிறைவேறவும் செய்தது. பல்கலைக்கழகக் கட்டணத்தை ஒழிப்பது அறிக்கையின் உள்ளே எங்கோ இருந்தது, முகப்பில் இல்லை. கட்டண உயர்வை எதிர்ப்போம் என்று வேட்பாளர்கள் மாணவர் சங்கத்துக்குக் கையெழுத்தே போட்டுக் கொடுத்திருந்தார்கள். டிசம்பர் 9, 2010 அன்று ஆண்டுக் கட்டண உச்சவரம்பு 9,000 பவுண்டாக உயர்ந்தது; 323க்கு 302 என்ற வாக்கில். கட்சியின் 57 பேரில் எதிர்த்து வாக்களித்தவர்கள் 21 பேர்.

இதிலிருந்து ஒரு நடைமுறை விதி கிடைக்கிறது. சிறிய கட்சியின் அறிக்கையில் முகப்புப் பட்டியலில் உள்ளதை மட்டும் உறுதிமொழியாக எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருப்பதெல்லாம் பேரம் பேச வைத்திருக்கும் சரக்கு.

‘கார்டியன்’ முதன்மையாகக் கேட்ட சீர்திருத்தம் என்னவாயிற்று? மே 5, 2011 அன்று, வேட்பாளர்களை விருப்ப வரிசைப்படி எண்ணிடும் மாற்று வாக்கு முறை மீது பொதுவாக்கெடுப்பு நடந்தது. வாக்கு விகிதப்படி இடம் தரும், கட்சி நெடுங்காலம் கேட்ட விகிதாச்சார முறை அதில் விருப்பத் தேர்வாகவே இல்லை. மாற்று வாக்கு முறையும் 67.9 சதவீத எதிர்ப்பில் தோற்றது. 2015இல் ‘கார்டியன்’ லேபருக்குத் திரும்பிவிட்டது.

இந்த வழி யாருக்குப் பொருந்தும்? மூன்றாம் கட்சி ஏற்கனவே வைத்திருக்கிற, அல்லது சென்ற முறை சிறு வித்தியாசத்தில் இழந்த தொகுதியில் இருப்பவருக்கு. அது எந்தப் பெரிய கட்சியுடன் சேர்ந்தாலும் பரவாயில்லை என்று மனதார நினைப்பவருக்கு. இரண்டாவது நிபந்தனையில் தயக்கம் இருந்தால் அடுத்த வழியைப் பாருங்கள்.

## வழி 3: தொகுதியைப் பார்த்து வாக்களிக்கச் சொல்வது

2010இல் ‘இன்டிபெண்டன்ட்’ இந்தப் பக்கம் வந்தது: கன்சர்வேட்டிவ் ஜெயிக்காமல் இருக்க, உங்கள் தொகுதியில் யாரால் முடியுமோ அவருக்குப் போடுங்கள். லேபர் அமைச்சர்களான எட் பால்ஸும் பீட்டர் ஹெய்னும்கூடக் கடைசி நாட்களில் இதையே ஜாடையாகச் சொன்னார்கள்.

எதிர்ப்பு வாக்குகள் சிதறக்கூடாது என்ற யோசனை தமிழ் வாசகருக்குப் புதிதல்ல. இங்கே அதைக் கட்சித் தலைவர்கள் பங்கீட்டில் செய்கிறார்கள். அங்கே வாக்காளரே வீட்டில் உட்கார்ந்து செய்ய வேண்டும். ஆக்ஸ்போர்டு வெஸ்ட் அண்ட் அபிங்டன் தொகுதியில் லிபரல் டெமாக்ரட் கட்சி 176 வாக்கில் கன்சர்வேட்டிவிடம் தோற்றது. மூன்றாம் இடத்தில் இருந்த லேபர் வாங்கியது ஆயிரக்கணக்கில். ‘இன்டிபெண்டன்ட்’ சொன்னதை அவர்களில் சில நூறு பேர் செய்திருந்தால் முடிவு மாறியிருக்கும்.

பிசகுவது எங்கே என்பதற்கு ஹாம்ப்ஸ்டெட் அண்ட் கில்பர்ன் நல்ல பாடம். லேபர் 17,332, கன்சர்வேட்டிவ் 17,290, லிபரல் டெமாக்ரட் 16,491. லேபரின் கிளெண்டா ஜாக்சன் 42 வாக்கில் வென்றார். எல்லை மறுவரையறையில் உருவான தொகுதி என்பதால் சென்ற தேர்தல் முடிவு என்று ஒன்று அதற்கு இல்லை. பழைய தொகுதிகளின் வாக்குகளைப் பிரித்துச் சேர்த்துக் கணக்கிட்ட அனுமான முடிவுதான் இருந்தது. இங்கே கன்சர்வேட்டிவைத் தடுக்கக்கூடியவர் யார் என்று எந்தத் தலையங்கமும் நிச்சயமாகச் சொல்லியிருக்க முடியாது.

கணக்குப் போடும் முறை:

1. சென்ற பொதுத் தேர்தலில் உங்கள் தொகுதியின் முதல் மூன்று இடங்களை எடுங்கள். எல்லை மாறியிருந்தால் அனுமான முடிவைத் தேடுங்கள். பழைய பெயரை நம்பாதீர்கள்.
2. முதலிடத்துக்கும் இரண்டாமிடத்துக்கும் 10 சதவீதப் புள்ளிக்கு மேல் இடைவெளி இருந்தால், நாடு தழுவிய பெரும் அலை வீசினால் ஒழிய, ஒருவரைத் தடுக்க இன்னொருவருக்குப் போடும் தந்திர வாக்கு வீண். பிடித்த கட்சிக்கே போடலாம்.
3. இரண்டுக்கும் மூன்றுக்கும் இடைவெளி 5 புள்ளிக்குள் என்றால் அது மும்முனைப் போட்டி. அங்கே இந்த வழியையே விட்டுவிடுங்கள்.
4. வீட்டுக் கதவில் செருகப்படும் துண்டறிக்கையின் பட்டை வரைபடத்தை நம்பாதீர்கள். ‘இங்கே லேபர் ஜெயிக்க முடியாது’ என்ற வாசகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பட்டைகள் உள்ளாட்சித் தேர்தல் முடிவாக இருக்கலாம், அளவே தப்பாக வரைந்ததாகவும் இருக்கலாம். அடியில் பொடி எழுத்தில் எந்தத் தேர்தல் என்று போட்டிருக்கும்.

10, 5 என்பவை கைக்கணக்குதான், விதியல்ல. இந்த வழியின் மறைமுகச் செலவு, உங்கள் உண்மையான விருப்பம் எங்கும் பதிவாகாமல் போவது. சிறிய கட்சியின் வாக்கு விகிதம் குறைந்து தெரியும். அடுத்த முறை அங்கே ஜெயிக்க முடியாது என்று எழுத அதே எண் ஆதாரமாகும்.

## வழி 4: கூட்டணியையே பெயர் சொல்லி ஆதரிப்பது

2015இல் கருத்துக்கணிப்புகள் இரு பெரிய கட்சிகளையும் சமமாகக் காட்டின. இன்னொரு தொங்கு நாடாளுமன்றம் நிச்சயம் என்று பேச்சு. ‘இன்டிபெண்டன்ட்’ இம்முறை, நடப்பிலிருந்த கன்சர்வேட்டிவ் – லிபரல் டெமாக்ரட் கூட்டணியே தொடரட்டும் என்று எழுதியது. நேர்மையான நிலைப்பாடு என்றுதான் சொல்வேன். என்ன அரசு வேண்டும் என்று மறைக்காமல் சொன்னது. ஆனால் வாசகர் அதை வாக்குச்சீட்டில் எப்படிப் போடுவது?

லிபரல் டெமாக்ரட்டின் 57 இடங்களில் 49 போயின. அவற்றைப் பறித்தவர்கள்: எஸ்என்பி 10, லேபர் 12, கூட்டாளியான கன்சர்வேட்டிவே 27. கேமரனுக்குக் கிடைத்த பெரும்பான்மை 12தான் என்பதோடு அந்த 27ஐச் சேர்த்துப் பாருங்கள். கூட்டாளியை விழுங்கித்தான் கூட்டாளி தேவையில்லாத நிலைக்கு வந்தார்கள். கூட்டணி தொடர வேண்டும் என்று விரும்பி அந்த 27 தொகுதிகளில் கன்சர்வேட்டிவுக்குப் போட்டவர் கூட்டணியை முடித்துவைத்தார்.

எனவே இந்த வழி பலிப்பது ஒரே நிபந்தனையில்: இளைய கூட்டாளி வைத்திருக்கும் தொகுதியில் இளையவருக்கு, மற்ற இடங்களில் மூத்தவருக்கு. அதைத் தலையங்கம் தெளிவாகச் சொல்லாவிட்டால் நீங்களே பிரித்துக்கொள்ள வேண்டும்.

இதற்கு ஒரு தலைகீழ் வடிவமும் உண்டு: வராத கூட்டணியைக் காட்டிப் பயமுறுத்துவது. 2015இல் லேபர் தலைவர் எட் மிலிபாண்டை எஸ்என்பியின் அலெக்ஸ் சால்மண்டின் சட்டைப் பையில் உட்காரவைத்துக் கன்சர்வேட்டிவ் சுவரொட்டி அடித்தது. மிலிபாண்ட் அப்படி ஒரு உடன்பாடே கிடையாது என்று மறுத்துப் பார்த்தார். ‘சன்’னின் இங்கிலாந்துப் பதிப்பு எஸ்என்பி பயத்தைக் காட்டிக் கன்சர்வேட்டிவை ஆதரிக்க, அதே நிறுவனத்தின் ஸ்காட்லாந்துப் பதிப்பு எஸ்என்பியையே ஆதரித்தது. இரண்டாலும் நஷ்டம் லேபருக்கு. ஒரே முதலாளியின் இரண்டு பதிப்புகளையும் பக்கத்தில் வைத்துப் படித்தால் நான்காவது கேள்விக்கு விடை கிடைத்துவிடும்.

## ஒரே பார்வையில்

| | ஒரே கட்சி | மூன்றாம் கட்சி | தொகுதிக் கணக்கு | கூட்டணிப் பெயர் |
|---|---|---|---|---|
| தொகுதியில் செல்லுமா | இருமுனைப் போட்டியில் | அக்கட்சி வலுவான இடத்தில் மட்டும் | இரண்டாமிடம் தெளிவானால் | நீங்களே பிரித்துக்கொண்டால் |
| இடக்கணக்கை நகர்த்துமா | ஆம் | வாக்கு பரவினால் இல்லை | நெருக்கமான தொகுதியில் மிக அதிகம் | எதிர்மாறாகவும் போகலாம் |
| பேர ஆபத்து | குறைவு | மிக அதிகம் | நடுத்தரம் | நடுத்தரம் |
| மறைமுகச் செலவு | பெரும்பான்மை வராவிட்டால் வழிகாட்டல் இல்லை | யாருடன் சேரும் என்பது உங்கள் கையில் இல்லை | உண்மை விருப்பம் பதிவாகாது | கூட்டாளிகள் ஒருவரையொருவர் விழுங்குவார்கள் |
| உதாரணம் | ‘சன்’ 2010 | ‘கார்டியன்’ 2010 | ‘இன்டிபெண்டன்ட்’ 2010 | ‘இன்டிபெண்டன்ட்’ 2015 |

ஒன்றைத்தான் எடுக்கலாம் என்றால் நான் தொகுதிக் கணக்கிலிருந்து தொடங்குவேன். அது கைவிரிக்கும் தொகுதிகளில் மட்டும் மற்ற மூன்றுக்கும் வேலை.

நான்கிலும் அடங்காதது ஒன்று மிச்சம்: வெளியிலிருந்து ஆதரவு. 2017இல் 317 இடங்களுடன் நின்ற தெரேசா மே, வட அயர்லாந்தின் டியுபி கட்சியின் 10 பேரை நாடினார். ஜூன் 26 அன்று கையெழுத்தான உடன்பாட்டில் வட அயர்லாந்துக்குக் கூடுதலாக 100 கோடி பவுண்டு. டியுபி போட்டியிடுவது வட அயர்லாந்தின் 18 தொகுதிகளில் மட்டும். லண்டனிலோ லீட்ஸிலோ இருப்பவர் அதற்கு வாக்களிக்கவும் முடியாது, எதிர்க்கவும் முடியாது. அப்படி ஒரு அரசு வரக்கூடும் என்று யோசித்து வாக்களிக்க ஒரே வழி, சிறிய கட்சிகள் ஒவ்வொன்றும் எந்தப் பெரிய கட்சியுடன் சேரவே மாட்டோம் என்று அறிவித்திருக்கின்றன என்பதை முன்கூட்டியே குறித்துவைத்துக்கொள்வது.

## தேதிகள்

ஆதரவுத் தலையங்கங்கள் பெரும்பாலும் கடைசி வாரத்தில் வரும். வாக்காளர் பதிவு அதற்கு வெகு முன்பே, வாக்குப்பதிவுக்கு 12 வேலை நாட்கள் முன்பாக நள்ளிரவில் மூடிவிடும். தபால் வாக்கு கேட்டு விண்ணப்பிக்க 11 வேலை நாட்கள் முன்பு மாலை 5 மணி வரை (வட அயர்லாந்தில் விதிகள் வேறு). தபால் வாக்குச்சீட்டு வந்ததும் நிரப்பி அனுப்பிவிட்டால், பிறகு வரும் எந்தத் தலையங்கமும் உங்களுக்குப் பயன்படாது. இழுபறி என்று தோன்றினால் சீட்டைக் கையில் வைத்திருந்து, தேர்தல் நாளன்று இரவு 10 மணிக்குள் வாக்குச்சாவடியில் நேரில் கொடுக்கலாம். சாவடியில் வாக்களிப்பவர்கள் புகைப்பட அடையாளம் காட்ட வேண்டும். இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட் செல்லும். முகம் அடையாளம் தெரிந்தால் காலாவதியானதும் செல்லும்.